ஒற்றை இறக்கை விமானம்

நவம்பர் 10, ஞாயிறு

நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. எழுதச் சொன்னவர் பூபதி. "என்ன செஞ்சோம், எது தப்பாப் போச்சுன்னு அன்னன்னைக்கே எழுதி வெச்சுருங்க மச்சான். அடுத்த ப்ளேன் செய்யறப்ப உதவும்" என்றார். முதல் விமானத்துக்கே இன்னும் ஒரு குச்சி வெட்டவில்லை, அதற்குள் அடுத்ததைப் பற்றிப் பேச்சு. அவர் அப்படித்தான்.

பூபதி என் தங்கை கோகிலாவின் கணவர். உடுமலையில் பல் டாக்டர். தம்பி இல்லாத குறை எனக்குத் தெரியாமல் போனது இவரால்தான். நான் காற்றாலைக் கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரி. கோபுரத்தில் ஏறுகிறவன் ஹெல்மெட் மாட்டியிருக்கிறானா, கொக்கி போட்டிருக்கிறானா, இறக்கைகளை நிறுத்திப் பூட்டியிருக்கிறானா என்று பார்ப்பது என் வேலை. அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. "கேஸை மூடினயா, கதவைப் பூட்டினயான்னு கேட்டே என்னைக் கொன்னுருவாருங்க" என்று என் மனைவி சாந்தாமணி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

செய்யப்போவது ஃபோக்கர் ஐன்டெக்கர். முதல் உலகப் போரில் ஜெர்மானியர்கள் பறக்கவிட்டது. ஒற்றை இறக்கை. சுற்றுகிற ப்ரொப்பெல்லரின் ஊடாகவே அதன் துப்பாக்கி சுடும். ப்ரொப்பெல்லர் விலகும் நொடி பார்த்துக் குண்டு போகிற மாதிரி ஓர் அமைப்பு. பூபதிக்கு அதில்தான் மயக்கம். கடையில் விற்கும் பெட்டியை வாங்கி ஒட்டுவதாக இல்லை. வரைபடம் மட்டும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு துண்டையும் நாங்களே வெட்டப்போகிறோம். முடிந்ததும் மோட்டார் வைத்து ரிமோட்டில் பறக்க வேண்டும்.

இடம்: எங்கள் வீட்டுக் கார் ஷெட். கார் வெளியே நிற்கிறது.

நவம்பர் 17, ஞாயிறு

கோவையிலிருந்து பால்சா மரப் பலகைகள் வந்துவிட்டன. கையில் எடுத்தால் எடையே இல்லை. இறக்கைக்குள் வரும் விலாத் துண்டுகளை வெட்டினோம். நான் வெட்டியவற்றில் பாதி குப்பைக்குப் போயின. பூபதி தன் கிளினிக் கத்தியைக் கொண்டுவந்திருந்தார். பென்சில் கோட்டின் மேல் கத்தி போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. "பல்லுல கால் மில்லி தப்புனா ஆளு கத்திருவான் மச்சான். இது கத்தாது, அதனால சுலபம்" என்றார்.

நவம்பர் 24, ஞாயிறு

மழை. பசை காயவில்லை. பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போனார்.

டிசம்பர் 15, ஞாயிறு

மூன்று வாரமாக எழுதவில்லை, வேலை நிறைய. உடல் கூடு முடிந்தது. இறக்கைகள் முடிந்தன. மூக்கின் மேல் வரும் வளைந்த மூடிக்கு என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தோம். இன்று பூபதி எங்கள் சமையலறைக்குள் போய் ஒரு அலுமினியச் சட்டியோடு வெளியே வந்தார். அளவு அச்சாகப் பொருந்தியது. சாந்தாமணி அது ரசச் சட்டி என்றாள். கோகிலா சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "ரசம் பறக்கப்போகுதுங்க அண்ணி" என்றாள்.

விமானியின் தலையைப் பல் அச்சு எடுக்கும் மாவில் வார்த்து, உள்ளே குடைந்து, முகத்தைச் செதுக்கியிருக்கிறார். மீசை வைத்திருக்கிறார். என் மீசை. "ஓட்டப்போறது நீங்கதானே மச்சான்" என்றார். ரிமோட் பழகும் சிறிய தெர்மோகோல் விமானத்தை நான்தான் இரண்டு வருடமாக வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அவர் ஓட்டினால் தரைக்குத்தான் போகும்.

ஜனவரி 5, ஞாயிறு

துணி போர்த்தி முடித்தோம். இறக்கையைத் தாங்கும் கம்பிகளுக்குத் தூண்டில் நரம்பு. மோட்டார், பேட்டரி, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி, எல்லாம் உள்ளே போய்விட்டன. மூக்கு குட்டையான விமானம் என்பதால் எடை சமமாக இருக்க முன்னால் ஈயத் துண்டுகள் வைக்க வேண்டியிருந்தது. பொங்கல் விடுமுறையில் மோட்டார் சோதனை. பிப்ரவரியில் காலைக் காற்று அடங்கியிருக்கும்போது பறக்கவிடலாம்.

ஒரு விதி வைத்திருக்கிறோம். ப்ரொப்பெல்லர் பக்கம் யார் கை போனாலும் முதலில் பேட்டரியைக் கழற்ற வேண்டும். இந்த மோட்டாருக்குக் காத்திருத்தல் கிடையாது, ரிமோட்டில் குச்சி அசைந்தால் அந்த நொடியே சுற்றும். விதியை வைத்தது நான்.

ஜனவரி 15, புதன். மாட்டுப் பொங்கல்

காலையில் ஷெட்டில் மோட்டார் சோதனை. விமானத்தை மேசையோடு கட்டியிருந்தோம். முதல் ஓட்டம் நன்றாக இருந்தது. நிறுத்தியபின், ப்ரொப்பெல்லர் மூடியில் உரசுகிற சத்தம் வந்ததாகப் பூபதி சொன்னார். முன்னால் உட்கார்ந்து நட்டை இறுக்கிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் எனக்கு சைட்டிலிருந்து போன் வந்தது. மோட்டார் திடீரென்று சுற்றியது. வலது கை, ஆள்காட்டி விரலும் நடுவிரலும். கோவைக்குக் கொண்டுபோனோம்.

காரணம்: வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் கோளாறு இருக்கலாம்.

ஜனவரி 17, வெள்ளி

விரல்கள் போகவில்லை. அறுந்த தசைநார்களையும் நரம்புகளையும் தைத்திருக்கிறார்கள். எவ்வளவு மடங்கும், தொடு உணர்ச்சி எவ்வளவு திரும்பும் என்பதை இப்போது சொல்ல முடியாதாம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கோகிலா கேட்டாள். "நீங்க எங்கீங்ணா இருந்தீங்க?"

"போன் வந்துச்சும்மா. பேசிட்டிருந்தேன். திரும்பிப் பாக்கறதுக்குள்ள..."

சொன்னதில் ஒவ்வொரு சொல்லும் உண்மைதான்.

ஜனவரி 19, ஞாயிறு

ஷெட்டைக் கழுவினேன். சாந்தாமணி கழுவுவதாகச் சொன்னாள், விடவில்லை.

கருவியைச் சோதித்தேன். பேட்டரியை மாட்டி, ரிமோட்டைத் தொடாமல் தள்ளி நின்று பார்த்தேன். மோட்டார் சுற்றவில்லை. ஒயரை ஆட்டினேன், தட்டினேன், முடி உலர்த்தும் கருவியால் சூடாக்கினேன். சுற்றவே இல்லை. கோளாறு என்பது சில நேரம் வரும், சில நேரம் வராது. கருவியைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். பழுதான பொருளை வைத்துக்கொள்வது ஆபத்து.

பிப்ரவரி 2, ஞாயிறு

பூபதியை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். கை முழுக்கக் கட்டு, விரல்கள் வளைந்த நிலையில் பிளாஸ்டிக் பட்டையில். நான் பார்க்கப் போனதும் அவருடைய முதல் கேள்வி இதுதான்.

"மச்சான், நான் உங்களைக் கேட்டனா?"

"என்னதுங்க மாப்ள?"

"பேட்டரியைக் கழட்டியாச்சான்னு. கேட்ட மாதிரியும் இருக்குது, கேக்காத மாதிரியும் இருக்குது. அன்னைக்கு நடந்ததே எனக்குத் துண்டு துண்டாத்தான் வருது. எப்பவும் கேப்பனே நானு?"

கோகிலா சாத்துக்குடி உரித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். நான் சொன்னேன்: "சரியா ஞாபகம் இல்லீங்க. போன்ல இருந்தேன். கேட்டிருக்க மாட்டீங்க, பண்டிகை அவசரம்."

ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

"பாத்தீங்ளா?" என்று கோகிலா அவர் பக்கம் திரும்பினாள். "ஒரு வார்த்தை கேக்கறதுக்கு என்னங்க உங்களுக்கு? விளையாட்டு சாமான்னு நெனச்சுட்டீங்க. கையை நம்பித்தான இந்தக் குடும்பம் இருக்குது? அந்த நெனப்பு வேண்டாமா?"

அவர் தலையை ஆட்டினார். சுளையை இடது கையால் வாங்கிக்கொண்டார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

சரியான தூக்கம் இல்லை. பிரஷர் மாத்திரையை மாற்ற வேண்டும் என்கிறாள் சாந்தாமணி.

பிப்ரவரி 16, ஞாயிறு

விமானத்தின் மேல் பழைய போர்வையைப் போட்டு மூடியிருந்தேன். யாருக்காவது கொடுத்துவிடலாம், இல்லையென்றால் எரித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். இன்று கோகிலா தனியாக வந்தாள். ஷெட்டுக்குள் போய்ப் போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"இதை முடிச்சுக் குடுத்துருங்ணா" என்றாள்.

"எதை?"

"ப்ளேனைத்தான். வீட்ல எந்நேரமும் செவுத்தையே பாத்துட்டு உக்காந்திருக்காரு. டீவி போட்டா அணைக்கச் சொல்றாரு. நேத்து ஒரே ஒரு விஷயந்தான் அவராக் கேட்டாரு, 'மச்சான் சட்டிக்கு பெயிண்ட் அடிச்சாரா'ன்னு. எனக்கு இதைப் பாத்தா வயிறு எரியுது. இருந்தாலும் அவருக்காக முடிச்சுக் குடுங்க. உங்களை விட்டா அவருக்கு யாருங்ணா இருக்காங்க?"

சரி என்றேன். அவள் போனபின் சட்டிக்கு சாம்பல் நிறம் அடித்தேன். ப்ரொப்பெல்லரின் ஒரு ஓரத்தில் சிராய்ப்பு இருந்தது. அதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியது மாட்டினேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி புதிதாக வாங்கிப் பொருத்தி, விமானத்தின் வெளிப்பக்கத்தில் ஒரு சிவப்பு பிளக் வைத்தேன். அதை உருவினால் மோட்டாருக்கு மின்சாரம் போகாது. உருவியதா இல்லையா என்று தள்ளி நின்றாலும் கண்ணுக்குத் தெரியும். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

போட்டோ எடுத்துப் பூபதிக்கு அனுப்பினேன். "நல்ல யோசனை மச்சான். இது முன்னாடியே இருந்திருந்தா எம்மாதிரி மறதிக்காரன் தப்பிச்சிருப்பான்" என்று குரல் பதிவு அனுப்பியிருந்தார். சிரித்துக்கொண்டேதான் சொல்லியிருந்தார்.

மார்ச் 4, செவ்வாய்

தேசியப் பாதுகாப்பு தினம். சைட்டில் கோபுரத்தின் அடியில் எல்லோரையும் நிறுத்தி உறுதிமொழி வாசித்தேன். நான் ஒரு வரி சொல்ல, அவர்கள் கையை நீட்டித் திருப்பிச் சொன்னார்கள். ஒவ்வொரு வருடமும் உறுதிமொழிக்குப் பிறகு ஒரு விபத்தைப் பற்றிப் பேசுவேன். இந்த முறை மேனேஜர், "உங்க மாப்பிள்ளைக்கு ஆச்சே, அதையே சொல்லுங்க சார். நம்ம வீட்லயே நடந்ததுன்னா பசங்க மனசுல பதியும்" என்றார்.

சொன்னேன். என் உறவினர் ஒருவர், படித்தவர், கெட்டிக்காரர், ஒரே ஒரு தடவை, மின்சாரம் துண்டிக்கப்பட்டதா என்று கேட்காமல் கை வைத்தார் என்றேன். ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும் என்றேன். எல்லோரும் அமைதியாகக் கேட்டார்கள். முடித்ததும் கை தட்டினார்கள்.

வண்டியை வழியில் நிறுத்திவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பட்டப்பகல். சாலையோரத்தில் தென்னைக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. ஒருவர் வந்து, "உடம்புக்கு முடியலீங்ளா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

எழுதிவிடுகிறேன்.

அவர் கேட்டார். "பேட்டரி கழட்டியாச்சுங்ளா மச்சான்?" என்று, எப்போதும் கேட்கிற மாதிரியே, தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துக் கேட்டார். போன் அடித்துக்கொண்டிருந்தது. திரையில் யார் பெயர் என்று பார்த்துக்கொண்டே "ம், ஆச்சு" என்றேன். கழற்றவில்லை. அவர் என் வார்த்தையை நம்பிக் கையை வைத்தார். ரிமோட் வாரில் என் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. போனைக் காதுக்குக் கொண்டுபோகும்போது என் முழங்கை குச்சியில் பட்டது. அது பட்டதை உணர்ந்தேன். சத்தம் வருவதற்கு முன்பே உணர்ந்தேன்.

போன் ஒன்றும் அவசரம் இல்லை. பொங்கல் வாழ்த்து.

மார்ச் 9, ஞாயிறு

சொல்லப் போனேன். வீட்டில் கோகிலாவின் மாமியார் வீட்டுச் சொந்தம் ஒன்று உட்கார்ந்திருந்தது. சொல்லவில்லை. சொந்தம் போனபிறகும் சொல்லவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

நல்ல செய்தி. கை எதிர்பார்த்ததைவிட நன்றாகத் தேறியிருக்கிறது. பிசியோதெரபி பலன் தருகிறது. ஆள்காட்டி விரல் முக்கால் பங்கு மடங்குகிறது, நுனியில் உணர்ச்சி வர ஆரம்பித்திருக்கிறது. பழகினால் கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்யலாம் என்று கோவை டாக்டர் சொல்லிவிட்டார். கோகிலா போனில் அழுதாள்.

மாலையில் பார்க்கப் போனேன். மந்தமாக இருந்தார். கிளம்பும்போது வாசல் வரை வந்தவர், திரும்பிப் போய் கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். செருப்பு போட்டேன். மறுபடியும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"இப்ப இப்படித்தாங்ணா" என்று கோகிலா மெதுவாகச் சொன்னாள். "கதவைப் பூட்டிட்டு நாலு தடவை இழுத்துப் பாக்கறாரு. மாத்திரையைப் போட்டுட்டு, போட்டனான்னு என்னைக் கேக்கறாரு. நாந்தான் ரொம்பத் திட்டீட்டேன் போலிருக்குது."

ஏப்ரல் 6, ஞாயிறு

விமானம் பறந்தது.

அதிகாலை என்று சொல்ல முடியாது, வெயில் ஏறிவிட்டது. காற்று அசையவில்லை. பூபதி தன் காரில் வந்து என்னையும் விமானத்தையும் ஏற்றிக்கொண்டார். ஆட்டோமேட்டிக் வண்டி, இடது கை, வலது கையில் மீதி மூன்று விரல், சமாளித்து ஓட்டினார். தளி சாலையில் அறுவடை முடிந்த ஒரு சோளக்காடு. தெரிந்தவருடையது.

அவர் சிவப்பு பிளக்கைச் செருகிவிட்டுத் தள்ளிப்போய் நின்றார். நான் குச்சியைத் தள்ளினேன். தடதடவென்று ஓடி, ஒருபக்கமாகச் சாய்ந்து, விழுந்துவிடும் என்று நினைத்தபோது எழுந்துவிட்டது. படங்களில் பார்த்த மாதிரியே, அவசரமே இல்லாமல், கொஞ்சம் தள்ளாடிக்கொண்டு. வெயில் துணியின் ஊடாகத் தெரிந்தது, நாங்கள் வெட்டிய விலாத் துண்டுகள் ஒவ்வொன்றும் நிழலாகத் தெரிந்தன. பூபதி வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். "மச்சான்! மச்சான்! சட்டி பறக்குது மச்சான்!" என்று கத்தினார். விபத்துக்குப் பிறகு அந்தக் குரலை நான் கேட்டதில்லை. ஒரு சுற்று, இன்னொரு சுற்று, இன்னும் ஒன்று. இறக்கும்போது குதித்துக் குதித்து நின்றது. எதுவும் உடையவில்லை.

வரப்பில் உட்கார்ந்து பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றினார். ஊற்றிக்கொண்டே சொன்னார்.

"கிளினிக்கைக் குடுத்தரலாம்னு இருக்கேன் மச்சான். அந்த நிவேதா பொண்ணு எனக்குப் பதிலாப் பாத்துட்டு இருக்குதுல்ல, அதுவே எடுத்துக்கறேங்குது. நாளைக்குப் பேசி முடிச்சர்றது."

"ஏனுங்க மாப்ள? கைதான் தேறிருச்சே?"

"கை தேறிருச்சு. நான் தேறலையே." காபியை என்னிடம் நீட்டினார். "பேட்டரி கழட்டியாச்சான்னு ஒரு கேள்வி கேக்கறதுக்கு மறந்தவன் நானு. நாளைக்கு ஒருத்தர் வந்து உக்காருவாரு. இருதய நோயா, சர்க்கரையா, ஊசி ஒத்துக்குமான்னு கேக்கணும். கேட்டனா இல்லையான்னே எனக்குத் தெரியாமப் போனா? இத்தனை நாளு யோசிச்சுட்டேன். எம்மேல எனக்கே நம்பிக்கை இல்லாதப்ப ஊரான் வாய்க்குள்ள கையை விடக்கூடாது. அது பாவம் மச்சான்."

நான் காபியைக் கீழே வைத்தேன்.

"நீங்க கேட்டீங்க" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை.

"அன்னைக்கு. நீங்க கேட்டீங்க மாப்ள. நான்தான் கழட்டாமயே ஆச்சுன்னு சொன்னேன். போனைப் பாத்துட்டே சொன்னேன். என்ற கைதான் ரிமோட்ல பட்டுது."

"நான் கேட்டனா?" என்றார்.

"கேட்டீங்க."

"என்னன்னு கேட்டேன்?"

"'பேட்டரி கழட்டியாச்சுங்ளா மச்சான்'னு."

"உங்களைப் பாத்துக் கேட்டனா, இல்ல சும்மா குனிஞ்சுட்டேவா?"

"என்னையப் பாத்துத்தான்."

"திரும்பச் சொல்லுங்க. மொதல்ல இருந்து."

மறுபடியும் சொன்னேன். முழங்கை, போன், பொங்கல் வாழ்த்து, எதையும் விடாமல். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒவ்வொரு இடத்திலும் தலையை ஆட்டினார், தன் ஞாபகத்தோடு ஒட்டிப் பார்ப்பதுபோல. முடித்ததும் பெரிதாக ஒரு மூச்சு விட்டார். முகத்திலிருந்து ஒரு பாரம் இறங்கியது. சிரிக்கப்போகிறார் என்றுகூட நினைத்தேன்.

பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"கேட்டிருக்க மாட்டீங்கன்னு சொன்னீங்களே" என்றார். "என்ற வீட்ல உக்காந்து. அவ முன்னாடி."

அவர் எழுந்து, பேண்ட்டில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, காரில் ஏறிப் போய்விட்டார். பிளாஸ்க்கை மறந்துவிட்டுப் போனார். விமானமும் நானும் காட்டில் நின்றோம்.

மெயின் ரோடு வரை தூக்கிக்கொண்டு நடந்தேன். டவுன் பஸ்ஸில் ஏற்றுவதற்கு இறக்கைகளைக் கழற்ற வேண்டியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் மடியில் ஒரு இறக்கையை வைத்துக்கொண்டார். "இது நெசமாப் பறக்குமுங்ளா?" என்று கேட்டார். பறந்தது என்றேன். "அப்புறம் ஏனுங்க இப்படி மூஞ்சிய வெச்சிருக்கீங்க?" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சாந்தாமணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுந்துபோய்த் துணி மடிக்க ஆரம்பித்தாள்.

ஏப்ரல் 9, புதன்

கோகிலா வந்தாள். உட்காரவில்லை. சாந்தாமணி தண்ணீர் கொண்டுவந்தாள், வாங்கவில்லை. சின்ன வயதிலிருந்து எனக்கு வாங்க, போங்க போட்டுத்தான் பேசுவாள்.

"கை பட்டுது, அது விபத்து. அதை நான் கேக்கவே இல்ல" என்றாள். "ஆனா நான் அவரை எத்தனை பேச்சுப் பேசினேன்? பொறுப்பில்லாதவருன்னேன், புத்தி கெட்டவருன்னேன், சோத்துத் தட்டை வெச்சுட்டே திட்டினேன். அத்தனையும் நீ பக்கத்துல நின்னு கேட்டியே. ஒரு தடவையாச்சும் 'விடு கோகிலா'ன்னு சொன்னியா? உன்னைப் பேச வேண்டியதையெல்லாம் என் வாயால அவரைப் பேச வெச்சுட்டியே!"

"கோகிலா..."

"உன்கிட்ட வந்து ப்ளேனை முடிச்சுக் குடுன்னு கெஞ்சினேன் நானு. உங்களை விட்டா அவருக்கு யாரு இருக்கான்னு சொன்னேன். அப்பவும் கல்லு மாதிரி உக்காந்திருந்தே."

வாசலில் செருப்பு போடும்போது கால் நுழையாமல் இரண்டு முறை தவறியது. குனிந்து உதவலாம் என்று போனேன். "தொடாதே" என்றாள்.

ஏப்ரல் 14, திங்கள். சித்திரை ஒன்று

ஒவ்வொரு வருடமும் அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. இந்த வருடம் இல்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

காலைக் கூட்டத்தில் எல்லோரும் இருக்கும்போதே, மார்ச் நாலாம் தேதி நான் சொன்னது பொய் என்று சொன்னேன். நடந்ததைச் சொன்னேன். கை தட்டல் இல்லை. மேனேஜர் பிறகு அறைக்குக் கூப்பிட்டு, "இதை இங்க சொல்லணும்னு அவசியமே இல்லையே" என்றார். இருந்தது என்றேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

சாந்தாமணி காய்கறிக் கடையில் டாக்டர் நிவேதாவைப் பார்த்தாளாம். கிளினிக் கைமாறவில்லை. பூபதி தினமும் காலையில் வந்து, பிளாஸ்டிக் பல் வரிசையில் கருவி பிடித்துப் பழகுகிறாராம். நோயாளி யாரையும் இன்னும் தொடவில்லையாம். "தைரியம் வரணும்னு சொல்றாருங்க ஆன்ட்டி" என்றாளாம் அந்தப் பெண்.

மே 13, செவ்வாய்

இடது மேல் கடைவாயில் வலி. நாலைந்து நாளாக இருக்கிறது. கிராம்பு வைத்துப் பார்த்தேன். பொள்ளாச்சியில் வேறு டாக்டரிடம் போகலாம் என்றாள் சாந்தாமணி. வேண்டாம் என்றேன். வலித்தால் வலிக்கட்டும்.

மே 15, வியாழன்

கன்னம் வீங்கிவிட்டது. என்னைக் கேட்காமல் அவளே பூபதிக்கு போன் செய்துவிட்டாள். நான் பக்கத்து அறையில் இருந்தேன். "வரச் சொல்லுங்க" என்றாராம். வேறு எதுவும் சொல்லவில்லையாம்.

மே 16, வெள்ளி

கிளினிக்குக்குப் போனேன். வெளியே இரண்டு மூன்று பேர் நிவேதாவுக்காகக் காத்திருந்தார்கள். என்னை உள் அறைக்குப் போகச் சொன்னார்கள். பூபதி முகமூடி போட்டுக்கொண்டு கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். வலது ஆள்காட்டி விரலில் கையுறை நுழைய நேரமானது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்காமல் இருப்பது எப்படி என்று தெரியவில்லை.

"உக்காருங்க" என்றார். மச்சான் என்று சொல்லவில்லை.

கேள்விகள் கேட்டார். பிரஷர் மாத்திரை என்ன, சர்க்கரை உண்டா, ஊசி எதுவும் ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா, காலையில் சாப்பிட்டாயிற்றா. இதெல்லாம் என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் ஒவ்வொன்றையும் நிதானமாகக் கேட்டு, என் முகத்தைப் பார்த்து, நான் பதில் சொல்லும்வரை காத்திருந்தார்.

"நாலு மாசத்துல நீங்கதான் என்ற மொதல் ஆளு" என்றார். "வேற யார் மேலயும் கை வெக்க எனக்கு மனசு வரல. உங்க மேல வெக்கறதுக்கு வந்துச்சு. வாயத் தொறங்க."

திறந்தேன்.

"வலிச்சா இடது கையைத் தூக்குங்க. நிறுத்திர்றேன்."

ஊசி போட்டார். வீக்கம் இருந்ததால் மருந்து சரியாக ஏறவில்லை. குடைய ஆரம்பித்ததும் வலி காது வரை போயிற்று. அவர் விரல் நடுங்கியது எனக்குப் பல்லில் தெரிந்தது. நிறுத்துவார், மூச்சு விடுவார், மறுபடி தொடங்குவார். நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். கையைத் தூக்கவில்லை. தூக்கக்கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் காதுப்பக்கம் வழிந்தது.

இயந்திரச் சத்தம் நின்றது. முகமூடியைக் கீழே இழுத்தார்.

"வலிக்குதுங்ளா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"கண்ணுல தண்ணி ஊத்துது. இல்லைங்கறீங்க." அவர் குரல் உயர்ந்தது. வெளியே இருப்பவர்களுக்குக் கேட்டிருக்கும். "நான் கேட்டா நெசத்தைச் சொல்லுங்க மச்சான். அதுக்குத்தான் கேக்கறது! நீங்க சொல்றதை நம்பித்தான் நான் அடுத்ததாக் கையை வெக்கணும். எனக்கு வேற என்ன வழி இருக்குது?"

அவர் கண்ணும் நிறைந்திருந்தது.

நான் இடது கையைத் தூக்கினேன்.

அவர் முகமூடியை மேலே ஏற்றிக்கொண்டு இன்னொரு ஊசிக்கு மருந்து எடுத்தார். மரத்துப்போகும்வரை பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து காத்திருந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார்.

மறுபடி தொடங்கும்போது கை நடுங்கவில்லை என்று எழுதினால் அது பொய். நடுங்கியது, கொஞ்சம் குறைவாக.

மே 25, ஞாயிறு

காற்று தொடங்கிவிட்டது. இனி ஐப்பசி வரை எதையும் பறக்கவிட முடியாது. சைட்டில் எல்லா இறக்கைகளும் சுற்றுகின்றன.

கோகிலா இன்னும் பேசவில்லை. பூபதி வீட்டுக்கு வரவில்லை, நானும் போகவில்லை. பல்லுக்கு இன்னும் இரண்டு முறை வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அடுத்தது வெள்ளிக்கிழமை. மதியம் சாந்தாமணி கம்பஞ்சோறு வைத்திருந்தாள். இடது பக்கமாக மென்று பார்த்தேன். லேசாக வலித்தது. வெள்ளிக்கிழமை அவர் கேட்கும்போது சொல்ல வேண்டும்.